புளியமரம் இல்லாத ஊரில் பேய்க்கதை

டென்மார்க்கில் டிசம்பர் கடைசியில் சூரியன் காலை எட்டரைக்கு மேல்தான் தலைகாட்டும். சாயங்காலம் நாலு மணிக்குள் கடையைக் கட்டிவிடும். மொத்தம் 7 மணி நேர வெளிச்சம், மீதி 17 மணி நேரமும் இருட்டு. பேய் நாவல் எழுத இதைவிடத் தோதான நாடு அமையுமா என்று நினைத்துத்தான் போன குளிர்காலத்தில் உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதியதும் ஒன்று புரிந்தது. இங்கே இருட்டு இலவசமாகக் கிடைக்கும், பயம் கிடைக்காது.

முதல் சிக்கல் பேயின் முகவரி. நம்ம ஊர்ப் பேய்க்குப் புளியமரம், பாழுங்கிணறு, அமாவாசை, மல்லிகைப்பூ வாசனை என்று எல்லாம் தயாராக இருக்கிறது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தால் வேலைக்கு ஆகாது. என் எட்டு வயது மகளிடம் புளியமரத்து மோகினி கதை சொன்னேன். "புளியமரம் எப்படிப்பா இருக்கும்?" என்றாள். படத்தைக் காட்டினேன். "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போய்விட்டாள்.

ஆனால் டேனிஷ் நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'எல்லெ' பெண்ணைப் பற்றிச் சொன்னபோது அவள் தூங்கவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் அழகான பெண். முதுகு மட்டும் மாவு பிசையும் தொட்டி மாதிரி குடைந்து வெறுமையாக இருக்கும். மூடுபனி இறங்கிய புல்வெளியில் வந்து ஆடுவாள். நம் மோகினிக்குக் கால் தரையில் பாவாது, இவளுக்கு முதுகு கிடையாது. கிட்டத்தட்ட அக்கா தங்கைதான். என் மகள் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த மூடுபனியைப் பார்க்கிறாள். அவள் பயந்தது அதனால்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் இயக்குநர் லார்ஸ் வான் ட்ரியர். 1994-இல் அவர் எடுத்த 'ரிகெட்' தொடரின் களம் பாழடைந்த மாளிகை இல்லை. கோபன்ஹேகனின் பெரிய அரசு மருத்துவமனையான ரிக்ஸ்ஹொஸ்பிடாலெட். மருத்துவமனை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் துணி வெளுக்கும் குளங்கள் இருந்தன என்றுதான் தொடர் ஆரம்பிக்கும். பக்கத்துத் தெருவின் பெயரில் அந்த 'வெளுப்புக் குளம்' இன்றைக்கும் இருக்கிறது. மேலே கான்கிரீட், ஸ்கேன் மெஷின், படித்த டாக்டர்கள். கீழே ஈரம் காயாத பழைய மண். லிஃப்ட் போகும் வழியில் ஒரு சின்னப் பெண்ணின் அழுகை கேட்கிறது. தினமும் ஆயிரம் பேர் ஏறி இறங்கும் லிஃப்ட் அது. பயத்தை அங்கே கொண்டுபோய் வைத்ததுதான் சாமர்த்தியம்.

நம்மிடமும் இது இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் சுடுகாடோ ஜமீன் பங்களாவோ வராது. ஒரு எழுத்தாளர், அவர் மனைவி, அவர்கள் வீடு. வேலைக்கு என்று வந்து சேர்கிற ஒரு பெண், நள்ளிரவில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை. அவ்வளவுதான். 80 வருஷம் கழித்தும் ராத்திரியில் தனியாகப் படிக்க முடியவில்லை.

சரி, களம் கிடைத்தாச்சு. அடுத்தது திட்டம். இங்கே எனக்குக் கைகொடுத்தவர் இன்னொரு எஞ்சினியர், சுஜாதா. 'கொலையுதிர் காலம்' நாவலில் கணேஷும் வசந்தும் ஒரே சம்பவத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் அறிவியல் பக்கம் இழுக்கிறார், மற்றவர் அமானுஷ்யம் பக்கம் சாய்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நாம்தான். அதைப் பார்த்து நான் எக்செல்லில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு காட்சிக்கும் இடது பக்கம் சாதாரண விளக்கம், வலது பக்கம் பேய் விளக்கம். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் அந்தக் காட்சி நாவலுக்குள் வரக்கூடாது. இடது காலி என்றால் வெறும் மாயாஜாலம், வலது காலி என்றால் வெறும் துப்பறியும் கதை.

பேய்க்கு விதியும் வேண்டும். அது எப்போது வரும், எதைச் செய்யாது, யாருக்குத் தெரியாது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எதையும் செய்யக்கூடிய பேயைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

இவ்வளவும் ஆன பிறகும் நாவல் நகரவில்லை. பேயை முதலில் தேடிக்கொண்டிருந்தேன், எனக்கு உண்மையில் எதைக் கண்டு பயம் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டதும் பதில் உடனே வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஊரிலிருந்து வரும் போன். அங்கே அப்போது விடியற்காலை மூன்றரை. அந்த நேரத்தில் நல்ல செய்தி சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்போது கதை இதுதான். அம்மா இறந்து, பூட்டிக் கிடக்கும் கிராமத்து வீடு. அம்மா தனியாக இருந்தபோது மகன் மாட்டிவைத்த சிசிடிவி கேமரா இன்னும் ஓடுகிறது. மார்கழி பிறந்ததும் தினமும் இங்கே இரவு பதினொன்றரைக்கு அவன் போனில் ஒரு வரி வருகிறது: 'வாசலில் அசைவு.' அங்கே அப்போது காலை நாலு மணி. அம்மா கோலம் போட எழுந்திருக்கும் நேரம்.

இடது பத்தி: கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். மார்ச் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறோம். அன்று முதல் அந்த வரி பன்னிரண்டரைக்கு வருகிறது. அதாவது, வருவது எதுவாக இருந்தாலும் அது நம்ம ஊர் நேரத்தைப் பார்த்துத்தான் வருகிறது. பால்காரர் வண்டி வெளிச்சமும் ஊர் நேரப்படிதான் வரும். ஆகவே இரண்டு பத்தியும் நிரம்பிவிட்டது.

எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பயத்தை முதலில் எழுதுங்கள், அதற்கேற்ற பேய் பிறகு தானாக வரும். பேயை முழுசாகக் காட்டாதீர்கள். குழந்தைகளுக்குச் சொல்வதாக இருந்தால், அவர்கள் தினமும் நடக்கிற தெருவில் வைத்துச் சொல்லுங்கள். தமிழில் பயப்படக் கற்றுக்கொண்ட பிள்ளை தமிழில் மீதிக் கதையையும் கேட்கும்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. மகன் டிக்கெட் போட்டு ஊருக்குப் போகிறானா, கேமராவை அணைத்துவிடுகிறானா என்று இன்னும் முடிவாகவில்லை. மனைவியிடம் கேட்டேன். "அணைக்க மனசு வராதுங்க," என்றாள். "அந்த வரி வரலைன்னாத்தான் அவனுக்குப் பயமா இருக்கும்."