மன்னாரில் வளர்ந்த கண்டி ராணி

ஸ்கொட்லாந்து ராணி மேரிக்குப் படம், தொடர், நாவல் என்று எத்தனையோ வந்துவிட்டன. 1587இல் தலை வெட்டப்பட்ட அவளுக்காக எங்கட பெடியள் கண்கலங்கினால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதே காலத்தில் எங்கட மன்னாரில ஒரு ராணி வளர்ந்துகொண்டிருந்தாளே, அவளைத் தெரிஞ்ச ஆக்கள் எத்தனை பேர்?

குசுமாசன தேவி. கண்டி அரசன் கரலியத்த பண்டாரவின் மகள். 1580களின் தொடக்கத்தில் சீதாவாக்கை ராஜசிங்கன் கண்டியைப் பிடிக்க, தகப்பன் சின்ன மகளோடு தப்பியோடி, அம்மை நோயில் செத்துப்போனான். பிள்ளை போர்த்துக்கேயர் கைக்குப் போனாள். ஞானஸ்நானம் கொடுத்து, 'தோனா கதரினா' என்று பேர் வைத்து, மன்னாரில் வளர்த்தார்கள். மேரியை ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பினார்களே, அதே கணக்குத்தான்: பிள்ளை கையில் இருந்தால் சிம்மாசனமும் கையில்.

1594இல் பெத்ரோ லோபஸ் த சூசா படையோடு அவளைக் கண்டிக்குக் கொண்டுபோய் ராணியாக்கினான். அப்போது அவள் பதின்ம வயதுப் பிள்ளை. ஒக்டோபரில் தந்துறையில் அந்தப் படை அழிந்தது. வென்ற கொனப்பு பண்டார அவளைப் பிடித்து மணம் முடித்து, விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரசனானான். 1604இல் அவன் இறக்க, அவனுடைய உறவினன் செனரத் அவளை மணந்து ஆண்டான். முதல் கணவனுக்குப் பிறந்த மகன் சின்ன வயதிலேயே இறந்தான். செனரத்தின் மேல் சந்தேகம். 1613இல் அவளும் போய்விட்டாள்.

மேரிக்கு 1567இல் நடந்த கணவன் கொலை, கதரினாவுக்கு மகனின் சாவு. மர்மப்பிரியர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். எங்களுக்கு உறுத்துறது வேற. "கைப்பற்றி மணம் முடித்தான்" என்று ஒரே வரியில் அவளைக் கடந்துபோகிறோமே, அந்த வரிதான். உரிமை அவளுடையது. அவளில்லாமல் அந்த இரண்டு பேரும் கண்டியில் காலூன்றப் பட்டபாடு பெரிதாய் இருந்திருக்கும். மேரியின் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. இவளின் கதையையோ பெரும்பாலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தருமே எழுதினார்கள்.

அரிப்புக்குப் போற ஆக்கள் 'அல்லி ராணி கோட்டை' என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்புக் காலத்தில் தங்கக் கட்டிய மாளிகை. இல்லாத ராணிக்கு ஒரு கோட்டையையே கொடுத்த நாங்கள், இருந்த ராணியின் பேரை மன்னார்க் கோட்டை வாசலில் நின்று ஒருக்கால் சொல்லலாம்தானே?

1658இல் அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்களைக் கூட்டாளிகளாய் அழைத்த கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கன், கதரினாவின் மகன்.