சுவரில் பெயர்.. மேடையில் ஒத்திகை!

லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் பொலிவார்டில் 1972-ல் தொடங்கிய 'காமெடி ஸ்டோர்' கட்டடத்தின் கறுப்புச் சுவரெல்லாம் நகைச்சுவையாளர்களின் பெயர்கள். ரிச்சர்ட் பிரையர், ராபின் வில்லியம்ஸ் கலக்கிய இடமாச்சே என்று டிக்கெட் எடுத்துப் போகிறவர்களில் பலர், முகம் தொங்கிப்போய்த்தான் வெளியே வருகிறார்கள்.

காரணம் ரொம்ப சிம்பிள். அது பட்டறை. ஆளுக்குக் கொஞ்ச நேரம் மேடை. புது ஜோக் எடுபடுகிறதா என்று பார்ப்பார்கள். திடீரென்று பெரிய ஆள் வந்தாலும் சரி, அவரும் ஒத்திகைதான் பார்ப்பார்!

இதில் தப்பில்லை. ஆனால் காசு? டிக்கெட் போக, இரண்டு டிரிங்க்ஸ் வேறு கட்டாயம் (சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும்!).

1979-ல் நகைச்சுவையாளர்கள் சம்பளம் கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். ஜே லெனோ, டேவிட் லெட்டர்மேன்கூட அதில் இருந்தார்கள். இது பயிற்சிக்கூடம், சம்பளம் எதற்கு என்பதுதான் அப்போது உரிமையாளர் மிட்ஸி ஷோரின் வாதம். கடைசியில் ஒரு முறை மேடையேறினால் 25 டாலர் என்று முடிந்தது.

கலைஞனுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தபோது பயிற்சிக்கூடம். ரசிகனிடம் காசு வாங்கும்போது மட்டும் நட்சத்திர மேடையா? 'இன்று ஒத்திகை' என்று வாசலில் எழுதிப் போட்டு, அந்த இரண்டு டிரிங்க்ஸையாவது தள்ளுபடி செய்யட்டும். சொதப்பல் ஜோக்குக்கும் ஜனங்கள் கை தட்டிவிட்டுப் போவார்கள்..