கணக்குக்கு முன் பாதையைப் பார்ப்போம்

கேமரன் மலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு தோட்டத்து மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு முக்கி முனகி ஏறும். அவற்றில் ஒன்று என் மாமாவுடையது. 'சீரிஸ் 3' வகை, குட்டையான உடல், 2.25 லிட்டர் டீசல் இயந்திரம். என்னைவிட வயதில் மிகவும் மூத்த வண்டி.

போன பல்கலைக்கழக விடுமுறையில் அதன் பின் அச்சிலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. பட்டறைக்காரர் திறந்து பார்த்து, கிரௌன், பினியன் இரண்டும் தேய்ந்துவிட்டன என்றார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். பழைய ரேஞ்ச் ரோவரிலிருந்து கழற்றிய டிஃபரன்ஷியல் ஒரு ஜோடி அவரிடம் இருந்தது. முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. மாட்டினால் வண்டி நெடுஞ்சாலையில் பறக்குமாம்.

"நீதானே இன்ஜினியரிங் படிக்கிற. சொல்லுடா, மாத்தலாமா?" என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே தாளும் பேனாவும் எடுத்தேன்.

மாமாவின் வண்டியில் பினியனுக்கு 10 பற்கள், கிரௌனுக்கு 47 பற்கள். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, இயந்திரத்திலிருந்து வரும் தண்டு 4.7 முறை சுற்ற வேண்டும். ரேஞ்ச் ரோவரில் 13 பற்களும் 46 பற்களும். விகிதம் 3.54. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.5 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு 600 முறை சுற்றும். நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் 1.148 என்ற விகிதத்தையும் பெருக்கினால், நான்காவது கியரில் பழைய விகிதத்துக்கு இயந்திரம் சுமார் 3,240 சுற்று ஓட வேண்டும். புதியதற்குச் சுமார் 2,440 போதும். இயந்திரத்தின் சுழற்சி கால் பங்கு குறைகிறது. சத்தம் குறையும், தேய்மானம் குறையும். "மாத்திடலாம் மாமா" என்றேன்.

மாமா தாளைப் பார்க்கவில்லை. "சரி, ஒரு வருஷத்துல நான் எத்தன நாளு ஹைவேல ஓட்டுறேன்?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணிப் பார்த்தேன். ஈப்போவுக்கு இரண்டு முறை. மற்ற நாளெல்லாம் தோட்டம், மண்பாதை, ஏற்றம், பின்னால் அரை டன் முட்டைக்கோசு.

அப்போதுதான் என் கணக்கில் இருந்த கோளாறு புரிந்தது. பெருக்கலில் தவறில்லை. 90 என்ற வேகத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அதைத் தேர்ந்தெடுத்த கணமே விடையையும் நானே முடிவு செய்துவிட்டேன். சுமையோடு மேட்டில் நின்று புறப்படும் வண்டியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் விடை தலைகீழாக வந்திருக்கும். சுழற்சி கால் பங்கு குறைந்தால், ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் கால் பங்கு குறையும். இயந்திரம் அதே பழைய இயந்திரம்தான். கிளட்ச் கருகும், பாதி மேட்டில் வண்டி மூச்சு வாங்கும்.

"அதற்குத்தான் தாழ்வு கியர் இருக்கிறதே" என்று பட்டறைக்காரர் வாதாடினார். இருக்கிறது. ஆனால் இந்த வகை வண்டியில் தாழ்வு கியரைப் போட்டால் முன் அச்சும் தானாகச் சேர்ந்துகொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சமாளித்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். ஏற்றமான தார்ச்சாலைதான் மாமாவின் அன்றாடப் பாதை.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இந்த வண்டியில் வேகமானி டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து இயங்குகிறது. அச்சை மாற்றினால் அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி 80ல் போய்க்கொண்டிருக்கும்.

3.54 மோசமான விகிதம் என்று நான் சொல்ல வரவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு முன் பளபளவென்று நிற்கும் பழைய லேண்ட் ரோவர், ஞாயிற்றுக்கிழமை காலியாக நெடுஞ்சாலையில் போய் வருவதற்கு மட்டும் என்றால், அதுவே நல்ல தேர்வு. வாரம் முழுக்க மலை, எப்போதாவது நெடுஞ்சாலை என்பவர்களுக்கு ஓவர்டிரைவ் என்ற துணைப் பெட்டி இருக்கிறது. தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம், மேட்டில் எடுத்துவிடலாம். விலை அதிகம், ஆனால் அச்சு அப்படியே இருக்கும்.

என் கருத்து இதுதான். பழைய வண்டிக்கு விகிதம் தேடுகிறவர் முதலில் எந்தச் சாலையில், எவ்வளவு சுமையோடு ஓட்டுகிறோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து இயந்திரத்தின் வலு, பிறகு டயரின் அளவு. பெரிய டயர் போட்டாலே விகிதம் மாறியது போலத்தான். எண் கடைசியில் வரட்டும். வேகத்தை மட்டும் பார்த்து மாற்றுவது, உழைக்கிற வண்டியை ஊர்வலத்துக்கு அலங்கரிப்பது போல.

மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடமும் இருக்கிறது. தேர்வுத்தாளில் "ஒரு வாகனம் 90 கி.மீ. வேகத்தில் செல்கிறது" என்று கேள்வியே எண்ணைக் கொடுத்துவிடும். ஏன் 90 என்று நாம் கேட்பதில்லை. பட்டறையிலும் தோட்டத்திலும் அந்த எண்ணை யாரும் கொடுக்க மாட்டார்கள். வண்டியை ஓட்டுகிறவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா ஐந்தாம் படிவத்தைத் தாண்டாதவர். ஆனால் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பழைய 4.7 விகிதத்திலேயே வேறொரு ஜோடி கிரௌன், பினியன் தேடி மாட்டினோம். ஊளைச் சத்தம் போய்விட்டது. விடுமுறை முடிந்த அன்று மாமா அந்த வண்டியிலேயே என்னைத் தாப்பாவில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு நான் பேருந்து ஏறினேன்.