ஜே கே பி ஓ அரைப்புள்ளி

தலைப்பைப் பாத்துட்டு ஏதோ வைஃபை கடவுச்சொல்லுன்னு நினைச்சுடாதீங்க. விஷயம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுமையா வாங்க.

நான் குப்பை கொட்டுறது புனேயில, லோஹேகாவ்ல. விமானப்படைத் தளமும் பயணிகள் விமான நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பங்கு போட்டுக்கிற ஊர். சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்கள் 2002-ல நம்ம படையில சேர்ந்ததும் இங்கதான். காலை பத்து மணி மீட்டிங்ல எல்லாரும் பேசற வரைக்கும் வானம் அமைதியா இருக்கும். என் முறை வந்து வாயைத் திறந்தா கரெக்டா ஒண்ணு கிளம்பும். "சாரி, திரும்பச் சொல்லுங்க"ன்னு கேட்டுக் கேட்டே எங்க டீம்ல எனக்கு அந்தப் பேரு வந்துடுச்சு. தண்ணி டேங்கர்ல வரும், கரண்ட்டு வியாழக்கிழமையானா போகும். ஞாயித்துக்கிழமை சிங்ககட் கோட்டை ஏறி, மேல பிட்லாவும் பாக்கிரியும் மண்சட்டித் தயிரும் அடிச்சுட்டு இறங்கினா அந்த வாரம் முடிஞ்சது. வயசு 28. பொழப்பு பொட்டி தட்டுறது, அதாவது வெப் டெவலப்பர்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஆணி வந்தது. பேரு, முகவரி வாங்கி அடையாள அட்டை அச்சடிக்கிற பக்கம். பேருக்கு 15 எழுத்து போதும்னு வச்சிருந்தோம். இங்கிலீஷ்ல சோதிச்சோம், ஓடுச்சு. தமிழ்ல பேரு வந்ததும் கதை கந்தலாச்சு. உதாரணத்துக்கு மீனாட்சிசுந்தரம்னு எடுத்துக்குங்க. நமக்கு அது ஒன்பது எழுத்து. ஆனா பொட்டி எண்ணுற கணக்கு வேற. ம தனி, அதோட ஈகாரக் கொம்பு தனி, மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி தனி. மொத்தம் 16. பதினஞ்சோட வெட்டினா என்ன ஆகும்? "மீனாட்சிசுந்தரம"ன்னு அச்சாகும். கடைசிப் புள்ளியை பொட்டி தின்னுடும்.

தப்பு எங்க பேர்லதான். ஒருங்குறியில தமிழுக்கு இருக்கிறது 128 இடம். அதுல உயிர், மெய், கொம்பு, கால், புள்ளின்னு துண்டு துண்டா வச்சிருக்காங்க, சேர்த்து எழுதிக்க வேண்டியது நம்ம வேலை. யு.டி.எஃப்-8-ல சேமிச்சா ஒவ்வொரு துண்டும் 3 பைட். "தமிழ்" மூணு எழுத்து, ஆனா 5 துண்டு, 15 பைட். இதுல இன்னொரு கூத்து, "கொ"வை ரெண்டு விதமா எழுதலாம். ஒகரக் குறியை ஒரே துண்டாவும் போடலாம், கொம்பு ஒண்ணு கால் ஒண்ணுன்னு ரெண்டாவும் போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, தேடுறப்ப ரெண்டும் வேற. கொடின்னு தேடினா கொடி கிடைக்காது. ஒரு வரி நிரல் எழுதி ரெண்டையும் சமமாக்கிடலாம். அந்த ஒரு வரி வேணும்னு யாருக்காவது தோணணுமே, அதான் பிரச்சினை.

சரி, நம்ம கதைக்கு வரேன். அந்த வாரம்தான் ஊர்லேர்ந்து அம்மா போன்.

"ஏலே, பீரோவுல அப்பா சிடி ஒண்ணு கெடக்கு. தூக்கிப் போட்டுரவா?"

அப்பா அருப்புக்கோட்டையில டி.டி.பி. சென்டர் வச்சிருந்தாரு. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால அடிச்சது. 2021-ல போயிட்டாரு. போடாதீங்க, கூரியர்ல அனுப்புங்கன்னு சொன்னேன். வந்துச்சு. மேல மார்க்கர்ல "சொந்தம்"னு எழுதியிருந்தது. என் மடிக்கணினியில சிடி போட வாயே கிடையாது, ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட வெளியில செருகுற டிரைவ் இரவல் வாங்கினேன்.

உள்ளே 61 வேர்டு கோப்பு. 2003 ஜூன்லேர்ந்து 2008 ஜூன் வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு. அப்புறம் நாலு பேஜ்மேக்கர் கோப்பு. அந்த மென்பொருளோட கடைசிப் பதிப்பு 7.0, 2001-ல வந்தது. அதோட சரி. அந்த நாலையும் இன்னும் திறக்க முடியலை.

வேர்டு கோப்பைத் திறந்தா முதல் வரி: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அப்புறமும் பக்கம் பக்கமா அதே மாதிரி இங்கிலீஷ் எழுத்துக் குப்பை.

பழைய ஆளுங்க இதுக்குள்ள கண்டுபிடிச்சிருப்பீங்க. பாமினி! அந்த எழுத்துருவுல ஜே அடிச்சா த படம் வரும், கே அடிச்சா ம, பி அடிச்சா இகரக் கொம்பு, ஓ அடிச்சா ழ, அரைப்புள்ளி அடிச்சா புள்ளி. ஆக, அது "தமிழ்". பொட்டிக்கு அது தமிழ்னு தெரியாது, இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியிருக்கு, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாத பொட்டியில முகமூடி கழண்டுடும்.

அந்தக் காலத்துல முகமூடிக்குப் பஞ்சமே இல்லை. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு வரிசை. டிஸ்கி குறிமுறை ஒரு பக்கம், 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். ஒருங்குறியில 1991-லேயே தமிழ் இருந்தது, ஆனா விண்டோஸ் 2000 வந்து லதா எழுத்துரு கிடைச்ச பிறகுதான் சாதாரண ஆளுங்க கைக்கு வந்தது. அச்சகங்கள் அதுக்குப் பிறகும் ரொம்ப வருஷம் பழசுலேயே ஓட்டினாங்க. எங்கப்பாவும் அப்படித்தான். விரலுக்குப் பழகினதை விட மனசு வருமா?

சுரதாவோட பொங்குதமிழ், என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர்னு எழுத்துமாற்றிகள் செஞ்சு வச்ச புண்ணியவான்கள் இருக்காங்க. ஆனா அப்பா நடுநடுவுல நிஜ இங்கிலீஷ் வார்த்தையும் அடிச்சிருந்தாரு. அப்படியே மாத்தினா கம்ப்யூட்டர், லேசர் பிரின்ட் எல்லாம் வாயில நுழையாத தமிழா மாறிடுச்சு. அதனால ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துரு பேரைப் பாத்து, பாமினியா இருந்தா மட்டும் மாத்தற மாதிரி சொந்தமா நிரல் எழுதினேன். பாமினியில கொம்பு முதல்ல வரும், ஒருங்குறியில எழுத்துக்கு அப்புறம் வரும். அதையும் திருப்பிப் போடணும். ரெண்டு ராத்திரி ஆச்சு. மேல சுகோய், கீழ நான்.

உள்ளே என்ன இருந்ததுன்னு கேக்கறீங்களா? பெரும்பாலும் கணக்கு. பத்திரிகை 300, முன்பணம் இவ்வளவு, பாக்கி இவ்வளவு. மழை பெய்ததா இல்லையா. டோனர் விலை ஏறினது. அதுக்கு நடுவுல 2006 ஜூலையில ஒரு நாள்:

"பையன் கடையில் உட்கார்ந்து தன் பேரைத் தானே அடித்தான். கடைசிப் புள்ளி வைக்க மறந்துவிட்டான். திருத்தவில்லை. அப்படியே அச்சு எடுத்து வைத்திருக்கிறேன்."

எனக்கு அப்ப எட்டு வயசு. புள்ளி தின்னது பொட்டி மட்டும் இல்லை போல :-)

சிரிச்சுட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் ஓடலை. அப்பா கடைசி வரைக்கும் வாட்ஸ்ஆப்புல எனக்குத் தமிழ்லதான் எழுதினாரு. "சாப்பிட்டாயா? மழை உண்டா?"ன்னு, புள்ளி தப்பாம. அத்தனைக்கும் நான் போட்ட பதில் இங்கிலீஷ் எழுத்துல "ஓகே பா".

அந்த வரியை அப்படியே குடும்பக் குழுமத்துல போட்டேன். அக்கா நியூஜெர்சியில இருக்கா. அரை மணியில அவ பொண்ணுகிட்டேர்ந்து குரல் செய்தி. எட்டு வயசுதான், தமிழ் அழகா பேசுவா.

"மாமா, அம்மா அழறாங்க. தாத்தா என்ன எழுதியிருக்காங்க? எனக்குப் படிக்கத் தெரியாதே, இங்கிலீஷ்ல அனுப்புங்க."

ரெண்டு ராத்திரி முழிச்சு பாமினியை ஒருங்குறியா மாத்தினேனே, அந்தக் குழந்தைக்கு ஒருங்குறியும் பாமினிதான். ஜே கே பி ஓ அரைப்புள்ளிக்கும் "தமிழ்"க்கும் அவ கண்ணுல வித்தியாசமே கிடையாது.

இதைக் கீழ்வீட்டு ஆஜோபாகிட்ட சொல்லிப் புலம்பினேன். மராட்டியில ஆஜோபான்னா தாத்தா. அவர் உள்ளே போயி பிளாஸ்டிக் உறைக்குள்ள ஒரு காகிதம் கொண்டு வந்தாரு. அவரோட தாத்தா காலத்து நிலப் பத்திரம். மோடி எழுத்து. மராட்டியை இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதி வரைக்கும் கையால வேகமா எழுதறதுக்கு அதைத்தான் வச்சிருந்தாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துலயும் அச்சுலயும் தேவநாகரி மட்டும்னு ஆயிடுச்சு. "என் தாத்தா எழுதினது, என் மொழிதான், ஆனா எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. காசு குடுத்து ஆள் வச்சுப் படிச்சேன்"னாரு.

நம்ம தஞ்சாவூர்லயும் இதே கதை இருக்கு. மராட்டிய மன்னர்கள் காலத்து மோடி ஆவணங்கள் சரசுவதி மகால் நூலகத்துல கட்டுக் கட்டா இருக்கு. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டது. மோடிக்கு ஒருங்குறியில இடம் 2014-லேயே, 7.0 பதிப்புல கிடைச்சாச்சு. இடம் கிடைச்சு என்ன, படிக்க ஆள் வேணுமே!

இங்க ஒண்ணு கவனிங்க. மராட்டி சாகலை. கோடிக்கணக்கான பேர் பேசுறாங்க, தினம் பத்திரிகை வருது, நாடகம் நடக்குது. ஆனாலும் பேரனுக்குத் தாத்தா எழுதினது புரியலை. மொழி உசுரோட இருக்கும்போதே எழுத்து கை நழுவிப் போகலாம். "எங்க வீட்டுல தமிழ்தான் பேசுறோம், புள்ளைங்க நல்லாப் பேசும்"னு நாம பெருமை அடிச்சுக்கறோம் இல்லையா, அது பாதிப் பெருமைதான்.

இப்ப என் கருத்து. அடிக்க வர்றவங்க வரலாம்.

வெளியூர்ல இருக்கிற நம்ம வீடுகள்ல தமிழ் எழுத்தைக் கொல்றது இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இல்லை. நாமதான். அம்மா, அப்பா, மாமா, சித்தி எல்லாரும் கைப்பேசியில தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறோம். அந்தக் குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அம்மா கைப்பேசியை எட்டிப் பாக்குது? அதுல ஒரு தமிழ் எழுத்தாவது கண்ணுல படுதா? படாத எழுத்தை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேர வகுப்புல மட்டும் படின்னா, அது கணக்குப் பாடம் மாதிரிதான் தெரியும்.

"அவசரத்துக்கு அதுதாம்பா வசதி"ன்னு சொல்வீங்க. ஒரு காலத்துல நியாயம். கலப்பை, அழகி, முரசு அஞ்சல்னு தேடிப் பிடிச்சு நிறுவினாதான் தமிழ் வரும்னு இருந்தது. ஐபோன்லயே 2013-ல, ஐ.ஓ.எஸ். 7-ல தமிழ் விசைப்பலகை வந்துடுச்சு. ஆண்ட்ராய்டுல பேசினாலே தட்டச்சு ஆகுது. இப்ப இருக்கிறது சோம்பேறித்தனம் மட்டும்தான், எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

"இப்பத்தான் பொட்டியே எல்லாத்தையும் மாத்திக்குமே"ன்னு இன்னொரு கட்சி. மாத்தும், ஊகிச்சு மாத்தும். பழம், பலம், பாலம் மூணையும் நாம ஒரே மாதிரிதான் இங்கிலீஷ்ல அடிக்கிறோம். கறிக்கும் கரிக்கும் வித்தியாசம் கிடையாது. இன்னிக்கு எழுதினவங்ககிட்ட கேட்டுக்கலாம். இருபது வருஷம் கழிச்சு யார்கிட்ட கேப்பீங்க? அப்பாவோட பாமினிக்காவது எந்த விசைக்கு எந்த எழுத்துன்னு வரிசை இருந்தது, திருப்பிட்டேன். நாம அடிக்கிறதுக்கு வரிசையே கிடையாது.

ஒருங்குறி தமிழுக்கு நியாயம் செய்யலை, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் குடுத்திருக்கணும்னு பெரிய சண்டை நடந்தது தெரியும். அதுல நியாயமும் இருக்கு, புள்ளி பறிகொடுத்தவன் சொல்றேன். தமிழக அரசு 2010-ல ஒருங்குறியோட டேஸ்-16 முறையையும் ஏத்துக்கிட்டது. ஆனா ஆளுக்கொரு நல்ல முறை வச்சிருந்ததாலதான் எங்கப்பா எழுதினது குப்பையாத் தெரிஞ்சது. குறை இருந்தாலும் உலகம் பூரா ஒரே முறைன்னா பேத்திக்குப் போய்ச் சேரும். நான் அந்தக் கட்சி.

ஆகவே மக்களே, மூணு விஷயம். ஒண்ணு, வீட்டுக் குழுமத்துல ஒரு நாளைக்கு ஒரு செய்தியாவது தமிழ் எழுத்துல போடுங்க, பிழையோட இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு, ஊருக்குப் போறப்ப பீரோவைத் துழாவுங்க. சிடி, பிளாப்பி, பழைய அச்சகக் கோப்பு கிடைச்சா இப்பவே ஒருங்குறிக்கு மாத்தி, சாதாரண உரைக் கோப்பா ரெண்டு இடத்துல வைங்க. அதை அடிச்சவங்க உசுரோட இருந்தா பக்கத்துல உக்காத்தி வச்சுக்கிட்டு மாத்துங்க. மூணு, என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க, உங்க படிவத்துல ஒரு நீளமான தமிழ்ப் பேரை அடிச்சுப் பாருங்க. புள்ளி மிஞ்சுதான்னு பாத்துட்டு வெளியிடுங்க.

எங்க லோஹேகாவ் துக்காராம் மகராஜோட தாய்வழி ஊருன்னு இங்க உள்ளவங்க பெருமையாச் சொல்வாங்க. அவர் பாட்டு ஏடுகளை இந்திராயணி ஆத்துல போட்டாங்களாம், 13 நாள் கழிச்சு நனையாம மிதந்து வந்துச்சாம். அவர் மகான். நமக்கெல்லாம் தானா மிதந்து வராது, நாமதான் முங்கி எடுக்கணும்.

அக்கா பொண்ணுக்கு இப்ப வாரம் ஒரு வரி அனுப்புறேன், தாத்தா எழுதினதுலேர்ந்து. இங்கிலீஷ்ல இல்லை. எழுத்துக்கூட்டிப் படிச்சு குரல் செய்தியா திருப்பி அனுப்பணும்கிறது ஒப்பந்தம். முதல் வாரம் ஆறு வார்த்தைக்கு நாலு நிமிஷம் ஆச்சு. போன வாரம் அவளே தன் பேரை அடிச்சு அனுப்பினா. பேரு மெய்யெழுத்துல முடியும். புள்ளியைக் காணோம்.

நான் திருத்தலை.

சரி, ஆணி கூப்பிடுது, வரட்டா?

டிஸ்கி: அந்த நாலு பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. சிங்ககட் தயிர் என் செலவு.