சனிக்கிழமை மூன்று மணி

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தத் தொலைக்காட்சியும் கால்பந்து ஆட்டத்தை நேரலையாகக் காட்டக்கூடாது. மூன்று மணி ஆட்டத்தை நியூயார்க்கில் காலைக் காபியோடு பார்க்கலாம். சென்னையில் இரவுச் சாப்பாட்டோடு பார்க்கலாம். ஆட்டம் நடக்கும் ஊர்க்காரனுக்கு மட்டும் தடை. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் பிடித்த பிடிவாதம் இது. இறைச்சிக் கடை நடத்தியவர், கணக்குத் தெரிந்தவர். பெரிய அணிகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் சின்ன அணிகளுக்கு டிக்கெட் எடுத்து யார் வருவார்கள் என்று கேட்டார்.

அலுவலகத்து இளைஞர்கள் இதைக் கற்கால விதி என்கிறார்கள். எனக்கோ, மைதானத்துக்குப் போகிறவன் பக்கம் நிற்கும் ஒரே விதி இதுதான் என்று படுகிறது. எனக்குச் சுயநலமும் உண்டு: என் அணி லெய்டன் ஓரியன்ட். கிழக்கு லண்டனில் 1881இல் தொடங்கிய கிளப். மைதானத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். நாலு மூலையையும் அடுக்குமாடி கட்ட விற்றுவிட்டதால், அங்கே குடியிருப்பவர்கள் பால்கனியில் துணி காயப்போட்டபடியே கார்னர் கிக் பார்க்கிறார்கள். ஈஸ்ட் ஹாமில் நான் காய்கறி வாங்கும் கடையில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி, "ஆர்சனல் இருக்கேக்க உங்களுக்கு இதென்ன விசர் அண்ணை?" என்று முருங்கைக்காயை நிறுத்தபடியே கேட்பார். பதில் சொல்வதில்லை. அவர் ஆர்சனலைப் பார்ப்பது கடையிலிருக்கும் டிவியில்.

மூன்று மணியைத்தான் தொட முடியாதே தவிர, மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சியின் கையில். எங்களைப் போன்ற கீழ் டிவிஷன் ஆட்டங்களையும் இப்போது சனி மதியம் 12.30க்கு இழுத்துவிடுகிறார்கள். பிளிமத்தில் 12.30க்கு ஆட்டம் என்றால் லண்டன்காரன் விடியுமுன் கிளம்ப வேண்டும். அன்றைக்குப் பார்த்துத்தான் ரயில்காரர்களுக்கும் தண்டவாளத்தைத் தோண்டும் ஆசை வரும். பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள். வெள்ளைக்காரர்கள் முணுமுணுத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். நான் மட்டும் வாய்விட்டுத் திட்டுவேன், தமிழில்.

செய்தியில் இந்நாட்களில் பெரிதாக அடிபடுவது கால்பந்துக்கு அரசு நியமிக்கும் கண்காணிப்பாளர். 2025 ஜூலையில் சட்டமே வந்துவிட்டது. கிளப்பை வாங்க வருகிறவரின் பணமும் யோக்கியதையும் இனிமேல் சோதிக்கப்படும். அரசுக்கு இதில் என்ன வேலை என்று பிரீமியர் லீக்கில் பலர் முகம் சுளித்தார்கள். பரி ஊர்க்காரர்களிடம் அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். 1885இல் பிறந்து இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்ற அந்த ஊர் கிளப், பண நெருக்கடியில் 2019இல் லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது. எங்களுக்கும் அந்த வாசல்வரை போய் வந்த அனுபவம் உண்டு. 2014இல் ஓர் இத்தாலியப் பணக்காரர் வாங்கினார். பயிற்சியாளர்கள் வந்தவேகத்தில் போனார்கள். 2017இல், 112 ஆண்டுகள் இருந்த லீக்கிலிருந்து விழுந்தோம். நல்ல கைக்கு மாறியதால் 2019இல் திரும்பினோம். அதிர்ஷ்டத்தை நம்பி கிளப் நடத்துவதைவிடக் கண்காணிப்பாளர் மேல்.

அரசு தலையிடுவதென்றால் இன்னொன்றிலும் தலையிடட்டும். 1985 சட்டப்படி, ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் கால்பந்து ரசிகன் பீர் குடிக்கக்கூடாது. லார்ட்ஸில் டெஸ்ட் பார்க்கப் போகிறவரோ ஒயின் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் நாள் முழுக்க உறிஞ்சலாம். கிரிக்கெட் ரசிகன் கனவான், நாங்கள் காலிகள் என்ற பழைய எண்ணம்தான். அன்றைக்கு அடிதடி இருந்தது உண்மை. நாற்பது வருடமாகவா அதையே சொல்வது? எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் இடைவேளையில் கீழே வரிசையில் நின்று, கிடைத்ததை மடமடவென்று ஊற்றிக்கொண்டு படியேறுவதற்குள் இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது. அதற்குள் கோல் விழுந்திருந்தால் அவருக்கு நான்தான் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.