செருப்புச் செப்பனிட்டவரின் தாழ்மை

தாழ்மை என்றவுடன் குனிந்த தலையும், கூப்பிய கையும், "நான் எதற்கும் உதவாதவன்" என்னும் பேச்சுமே நம் நினைவுக்கு வருகின்றன. மெய்யான தாழ்மை இதுதானா? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சால்ட் லேக்கில் வாழும் நாம், ஒரு விடுமுறை நாளில் பாரக்பூர் சென்று, படகேறி ஹூக்ளி நதியைக் கடந்தால் போதும். அக்கரையில் செராம்பூர் நம்மை வரவேற்கும்.

1800 முதல் 1834-இல் மறையும்வரை அவ்வூரில் வாழ்ந்தவர் வில்லியம் கேரி. 1761-இல் இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, இளமையில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1793-இல் வங்காளம் வந்தார். 1801-இல் புதிய ஏற்பாட்டை வங்க மொழியில் வெளியிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்க மொழி கற்பிக்கும் ஆசிரியரானார்.

அவரைப்பற்றி ஒரு செய்தி சொல்வர். பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் விருந்தில் ஓர் அதிகாரி, "இவர் முன்னர் செருப்புச் செய்தவர் அல்லரோ?" என்று பிறர் கேட்கும்படி வினவினாராம். கேரி சினக்கவில்லை, "செய்தவன்கூட அல்லன் ஐயா, பழைய செருப்பைச் செப்பனிட்டவனே" என்னும் பொருள்பட விடையிறுத்தாராம். மறைக்க ஒன்றும் இல்லாதவரை எவரால் இழிவுபடுத்த இயலும்?

ஆனால் அதே கேரி, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒதுங்கியவரும் அல்லர். இலக்கணம் எழுதினார்; அகராதி தொகுத்தார்; 1818-இல் நண்பர்களுடன் செராம்பூர்க் கல்லூரியை நிறுவினார். 1812-இல் அச்சுக்கூடம் தீப்பற்றி, பல்லாண்டு உழைப்பின் கையெழுத்துப் படிகள் சாம்பலானபோதும் மீண்டும் தொடங்கினார். எடுத்த வேலையை விடாது செய்யும் ஆற்றல் தமக்கு உண்டென்று அவரே கூறியதுண்டு. பெரும்புலமை என்று தம்மை உயர்த்தவுமில்லை. உள்ளதை இல்லையென்று மறைக்கவுமில்லை. இறுதி நாட்களில் தம்மைப் புகழ்ந்தவரிடம், தம்மைப்பற்றி அன்று, தம் இரட்சகரைப்பற்றியே பேசுமாறு வேண்டினாராம்.

இவ்விடத்தில் என் குறையொன்றைச் சொல்லுதல் கடன். சில ஆண்டுகளுக்குமுன், ஆலயத்தில் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் வேதபாடம் சொல்லித்தர என்னை அழைத்தனர். "எனக்கு அத்தகுதி இல்லை" என்று மறுத்தேன். என் அடக்கத்தைப் பலர் பாராட்டினர். அஃது அடக்கமன்று, தவறினால் நகைப்பார்களே என்னும் அச்சம். என் பெயரைக் காத்துக்கொள்ளும் அகந்தையே தாழ்மையின் ஆடையை உடுத்தி நின்றது. வகுப்பு நடைபெறவில்லை. அப்பிள்ளைகளுள் சிலர் இன்று தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ஓர் எழுத்தும் படிக்க அறியார். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனும் தன் அச்சத்தையே காரணமாகச் சொன்னான் அன்றோ?

தம் பெருமையை அறிந்திருந்த கிறிஸ்துநாதரே சீடர்களின் கால்களைக் கழுவினார். தம்மை அறியாமையால் அன்று, அறிந்தமையாலேயே அவரால் குனிய முடிந்தது. ஆகவே தாழ்மையாவது தன்னை இகழ்தல் அன்று. தேவன் தந்ததைத் தந்ததென்று ஒப்புக்கொண்டு, அதைப் பிறர்க்குப் பயன்படுத்துதலே.

அடுத்தமுறை எவரேனும் நம்மை ஒரு பணிக்கு அழைத்தால், "தகுதி இல்லை" என்று சொல்லுமுன் நம் நெஞ்சைக் கேட்போம்: பேசுவது தாழ்மையா, அச்சமா? நானும் பிந்தியேனும் அவ்வகுப்பைத் தொடங்க எண்ணியுள்ளேன். பிழை நேர்ந்தால் பிள்ளைகள் சிரிக்கட்டும். எழுத்தைக் கற்றுக்கொண்டு சிரிக்கட்டும்.