இரண்டேமுக்கால்

"மூணு எண்றதுக்குள்ள போனைக் கீழ வைக்கணும்" என்று தாய் தொடங்குகிறார். ஒன்று, இரண்டு என்று எண்ணியபின் மூன்று வருவதில்லை. இரண்டேகால் வருகிறது, இரண்டரை வருகிறது, இரண்டேமுக்காலும் வந்துவிடுகிறது. பின்னங்களைப் பள்ளி கற்பிப்பதற்கு முன்பே குழந்தைகள் பலருக்கு அவை இவ்வாறுதான் அறிமுகமாகின்றன.

மூன்று வராததற்குக் காரணம், அதன்பின் என்ன செய்வது என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை என்பதே. ஆஸ்டினும் சேர்லும் வளர்த்த பேச்சுச்செயல் கோட்பாட்டின்படி வாக்குறுதி என்பது வெறும் கூற்றன்று. சொல்பவரைப் பிணைக்கும் செயல். அச்சுறுத்தலும் அதற்கு நெருங்கிய உறவுடையது. "ஹாஸ்டல்ல சேத்துடுவேன்", "போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்பன நிறைவேற்றும் எண்ணமின்றிச் சொல்லப்படுபவை என்பதைக் குழந்தை விரைவில் கண்டுகொள்கிறது.

ஆகவே, குழந்தை சொல்பேச்சுக் கேட்பதில்லை என்னும் புகார் உண்மையைத் தலைகீழாக்குகிறது. குழந்தை மிக நுட்பமாகக் கேட்கிறது. முதல் மூன்று முறை சொல்லப்படுவதற்குப் பொருளில்லை, நான்காம் முறை குரல் உயரும்போதுதான் அது கட்டளை என்னும் விதியை, கிடைத்த தரவுகளிலிருந்து சரியாகவே வருவித்திருக்கிறது. அந்த வீட்டின் இலக்கணத்தில் சினமே ஏவல் விகுதி. அதன் விசையும் நாளடைவில் தேய்கிறது. குரல் போதாதபோது கை எழுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வீட்டுக்கு அதுபோன்ற வெளிப்படையான தடை ஏதுமில்லை.

அழுதால் செவ்வாயன்று கிடைக்காத போன் புதனன்று கிடைக்குமானால், அழுகை வலுப்பெறவே செய்யும். எப்போதும் கிடைக்கும் பலனைவிட எப்போதாவது கிடைக்கும் பலனே ஒரு நடத்தையை நெடுநாள் நிலைநிறுத்தும் என்பது ஸ்கின்னர் காலத்து ஆய்வுகளிலிருந்தே அறியப்பட்டது. விட்டுக்கொடுத்தவுடன் வீடு அமைதியாகிவிடுவதால் பெற்றோரும் அதையே பழகிக்கொள்கின்றனர்.

இங்கே பாட்டியின்மேல் பழிபோடுவது வழக்கம். அது பெரும்பாலும் நியாயமன்று. அம்மாவிடம் ஒரு மொழி, பக்கத்து வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இன்னொன்று என ஆளறிந்து பேசும் குழந்தைகள் நிறைந்த நாடு இது. பாட்டியின் விதி வேறு, அம்மாவின் விதி வேறு என்பதை அத்தகைய குழந்தையால் எளிதில் பிரித்தறிய முடியும். ஒரே ஆளின் விதி அவருடைய களைப்பைப் பொறுத்து மாறுவதைத்தான் அதனால் கணிக்க இயலாது. (பொறுமையாக இருங்கள் என்னும் அறிவுரை பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து திரும்பி நேரே அடுப்படிக்குச் செல்லும் பெண்ணுக்கே வழங்கப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

அமைதி என்பது பிறவிக்குணம் என்று கருதத் தேவையில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தால் சினத்துக்கு வேலை குறைவு. எட்டு மணிக்குப் போன் அலமாரிக்குள் போகும் என்று பகலிலேயே சொல்லி, எட்டு மணிக்கு ஒருமுறை நினைவூட்டி, பிறகு எடுத்து வைத்துவிடலாம். எண்ணவே வேண்டியதில்லை. முதல் சில நாட்கள் அழுகை முன்னைவிட உரக்கக்கூட எழும். அடுக்குமாடி வீட்டின் மெல்லிய சுவரைத் தாண்டி அது கேட்கும். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவர். போனைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றுவதும் அந்த நேரத்தில்தான்.